ஒழியாத களையோடு தோட்டம் வைப்பது: கோரை, அருகு, புளியாரை, கானாவாழைக்கு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான களைகள் பூக்கும் முன் பிடுங்கிக்கொண்டே வந்தால் சில வருடங்களில் அடங்கிவிடும். இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றி இல்லை. பிடுங்கிய பத்தாம் நாள் அதே இடத்தில் தலைகாட்டும் கோரை, செங்கல் இடுக்கிலும் புகுந்து வரும் அருகு, கை பட்டதும் விதையைத் தெறிக்கவிடும் புளியாரை, ஒடிந்த துண்டெல்லாம் வேர்விடும் கானாவாழை ஆகியவற்றைப் பற்றி. இந்த நான்கும் ஊன்றிவிட்ட தோட்டத்தில் அவற்றை அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். அப்படியே ஒழித்தாலும் பக்கத்து நிலத்திலிருந்து வரும், வாங்கும் எருவில் வரும், நாற்றுப் பையில் வரும்.

ஆகவே களை செடியை மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதுதான் எட்டக்கூடிய இலக்கு. அதற்கு முரட்டு உழைப்பைவிட நாள் கணக்கு முக்கியம். ஒரே நாளில் ஆறு மணி நேரம் குனிந்து பிடுங்கிவிட்டு இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல் இருப்பவரைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் செலவழிப்பவர் தோட்டத்தில்தான் களை இளைக்கும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

உலகின் மிக மோசமான களை என்று களை அறிவியலார் பலர் சொல்வது கோரையைத்தான். அதைப் பிடுங்கினால் கையில் வருவது இலையும், அதற்கு அடியில் புடைத்த அடித்தண்டும் மட்டுமே. அதற்குக் கீழே மெல்லிய நிலத்தடித் தண்டு ஓடும். அதில் சரம் சரமாகக் கிழங்குகள். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 செ.மீ. மண்ணிலேயே இருக்கும், இளகிய மண்ணில் 30 செ.மீ. ஆழத்திலும் கிடைக்கும்.

ஒரு சரத்தில் முன்னால் இருப்பது முளைத்து நிற்கும்போது மற்ற கிழங்குகள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். முளைத்தது மற்றதை அடக்கி வைக்கிறது. மண்வெட்டி பட்டுச் சரம் அறுந்தால் அந்த அடக்கம் போய்விடும். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக எழும். "கொத்திவிட்ட பிறகுதான் கோரை அதிகமாச்சு" என்று பலரும் புலம்புவதற்குக் காரணம் இதுதான். புலம்பலில் பொய் இல்லை. ஆனால் உறங்கும் கிழங்கை எதுவும் செய்ய முடியாது. எழுந்த கிழங்கைத்தான் பட்டினி போட முடியும். கொத்தலாம், தாராளமாகக் கொத்தலாம். கொத்திய பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்துக்குத் திரும்பி வர முடியாதென்றால் மட்டும் மண்வெட்டியைத் தொட வேண்டாம்.

எழுந்த கிழங்கு தன் கையிருப்பைச் செலவழித்துத்தான் முதல் இலைகளை விடுகிறது. ஐந்தாறு இலை வரும்வரை அதற்குச் செலவுதான். அதற்கு மேல் இலை சம்பாதித்துக் கீழே அனுப்பும், புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். வெப்பமான பருவத்தில் இந்த நிலையை எட்ட இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். கோரையோடு நடக்கும் இழுபறி முழுவதும் இந்த இரண்டு மூன்று வார இடைவெளிக்குள்தான். கோரையின் விதை பெரும்பாலும் முளைக்காது. எனவே பூவைப் பார்த்து விதை விழுமே என்று பதற வேண்டியதில்லை. பூ வந்துவிட்டால் கீழே கிழங்கு ஏற்கனவே கட்டியாகிவிட்டது என்று புரிந்துகொண்டால் போதும்.

அருகு வேறு ரகம். தரைமேல் ஒரு தண்டு ஓடும், மண்ணுக்குள் இன்னொன்று. இரண்டிலும் கணுவுக்குக் கணு வேரும் முளையும் உண்டு. ஒரே ஒரு கணு உள்ள துண்டு போதும், புதுச் செடி ஆகிவிடும். பவர் வீடர், ரோட்டவேட்டர் போன்ற மண் கிளறும் இயந்திரங்களை அருகு உள்ள ஈர மண்ணில் ஓட்டுவது அதை நட்டுக் கொடுப்பதற்குச் சமம். வெட்டி வெட்டிப் பட்டினி போடும் உத்தியும் இதனிடம் பலிக்காது. புல்தரைக்கென்றே வளர்க்கப்படும் புல் இது. எவ்வளவு தாழ வெட்டினாலும் படுத்தபடி இலை வைத்துக்கொள்ளும். அதன் பலவீனம் நிழல்.

புளியாரையில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் பூ பூப்பது தரையில் படர்ந்து கணுவில் வேர்விடும். காய் முற்றியதும் வெடித்து விதையை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி எறியும். இளஞ்சிவப்புப் பூ பூக்கும் வகைக்கு மண்ணுக்குள் குமிழும், அதைச் சுற்றி அரிசிமணி அளவில் குட்டிக் குமிழ்களும் இருக்கும். செடியை இழுத்தால் குட்டிகள் மண்ணிலேயே உதிர்ந்து தங்கும். இழுக்க இழுக்கப் பெருகும் களை இது.

கானாவாழையின் தந்திரம் யாருக்கும் எளிதில் கண்ணில் படாது. மேலே நீலப் பூ பூப்பது போதாதென்று, மண்ணுக்குள்ளும் திறக்காத பூக்களை வைத்து அங்கேயே விதை கட்டும். மேலே பூக்கும் முன் பிடுங்கினேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடியோடு, மண்ணுக்குள் இருக்கும் வெளுத்த தண்டோடு வர வேண்டும்.

இவற்றோடு மண்ணில் ஏற்கனவே விழுந்து கிடக்கும் விதைகள் வேறு. அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879இல் களை விதைகளை மணலோடு கலந்து குப்பிகளில் அடைத்துப் புதைத்து வைத்தார். 2021இல் எடுத்த குப்பியிலிருந்தும், அதாவது 142 ஆண்டுகள் கழித்தும், வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. எல்லா விதைக்கும் அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆனாலும் சிறு விதைகள் மேல் 2 முதல் 5 செ.மீ. மண்ணில் இருந்தால்தான் முளைக்கும் என்பதால், ஆழமாகக் கிளறும் ஒவ்வொரு முறையும் பழைய விதைகளை மேலே கொண்டுவந்து வாய்ப்புக் கொடுக்கிறோம். கிழங்குக் களைக்கு ஆழக் கிளறல் தேவை. விதைக் களைக்கு அதுவே கேடு. எந்தக் களை என்று தெரியாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

இடத்தைப் பிரித்தல்

தோட்டம் முழுவதும் ஒரே அளவு சுத்தம் என்று கிளம்பினால் எங்கேயும் சுத்தம் இருக்காது. மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கட்டாயம் சுத்தமாக இருக்க வேண்டிய இடம்: காய்கறிப் பாத்தி, நாற்றங்கால், புதிதாக நட்ட செடியைச் சுற்றி அரை மீட்டர். இங்கேயும் வருடம் முழுவதும் அவசியமில்லை. பல காய்கறிகளுக்கு நட்டதிலிருந்து முதல் மூன்று முதல் ஆறு வாரம்தான் மிக முக்கியமான காலம். அதற்குள் களையில்லாமல் பார்த்துக்கொண்டால் செடியே விரிந்து தரையை மூடிவிடும். பிறகு முளைக்கும் களை விளைச்சலை அதிகம் குறைக்காது. வெங்காயம், பூண்டு, கேரட் விதிவிலக்கு. இவற்றின் இலை எளிதில் தரையை மூடாது. ஏறக்குறைய அறுவடை வரை களை எடுக்க வேண்டும். கோரை நிறைந்த பாத்தியில் வெங்காயம் போடுவது வேண்டாத வம்பு.

இரண்டாவது, அடக்கி வைத்தால் போதும் என்ற இடம்: புதர்ச் செடிகளின் அடி, மரத்தடி, வேலியோரம். இங்கே மூடாக்கும் (சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடுவது) நிழலும் வேலை செய்யும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்றாவது, விட்டுவிடும் இடம். நடைபாதை ஓரம், பின்பக்கம், புல்தரை. அருகும் கோரையும் கலந்த புல்தரையை வெட்டி வைத்தால் பச்சையாகவே இருக்கும். பூ, விதை வராத அளவுக்கு வெட்டினால் போதும். இந்தப் பகுதிக்கும் முதல் பகுதிக்கும் நடுவே உள்ள எல்லையில்தான் உண்மையான காவல் வேண்டும். அதை அருகு பகுதியில் பார்ப்போம்.

கருவிகள்

அதிகம் வேண்டாம். கிளற ஒரு நாலுபல் ஃபோர்க். அது தண்டை அறுக்காமல் தூக்கும், மண்வெட்டி அறுத்துவிடும். மேலாகச் சீவ ஒரு களைக்கொத்து அல்லது சுரண்டி. தனிச் செடியைத் தோண்ட ஒரு குறுகிய நீளமான கத்தி. கிழங்கு போட ஒரு வாளி. ஓர் அரம்: சுரண்டியின் விளிம்பை ஒரு பக்கமாக மட்டும் சாய்த்துத் தீட்டி வைத்தால் களை சாயாமல் அறுபடும். மழுங்கிய சுரண்டி களையை மண்ணோடு இழுத்து வேறு இடத்தில் நட்டுவிட்டுப் போகும். பார்த்தீனியம் கலந்திருந்தால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்; பலருக்கு அது தோலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

கோரைப் பாத்தி: படிப்படியாக

ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று சதுர மீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். மீதி இடத்தை அதுவரை கனமான தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள்.

முதல் படி, எண்ணிக்கை. பாத்தியை நனைத்து ஒரு வாரம் பத்து நாள் விட்டால் கோரை எழும். நான்கு குச்சி நட்டு ஒரு சதுர மீட்டரை அடையாளம் வைத்து, அதற்குள் எத்தனை முளை என்று எண்ணி எழுதி வையுங்கள். இது வீண் வேலைபோலத் தோன்றும். ஆறு மாதம் கழித்து "ஒன்றும் குறையவே இல்லை" என்று மனம் சொல்லும்போது இந்த எண் மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டாம் படி, வறண்ட பருவத்தில் கிளறல். அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்கு மழை வராத காலம் பார்த்துத் தொடங்குங்கள். களிமண் என்றால் நனைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, ஃபோர்க் இறங்கும் பதத்தில் எடுங்கள். 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, கட்டியோடு தூக்கிப் போட்டு, கையால் உடையுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் இறங்கும் இழையைப் பிடித்துக்கொண்டே போனால் கிழங்கு கிடைக்கும்; அதிலிருந்து இன்னொரு இழை அடுத்த கிழங்குக்குப் போகும். முற்றியது கருமை கலந்த பழுப்பு நிறம், நார் மூடியிருக்கும். இளசு வெள்ளையாக இருக்கும். மண்ணில் எளிதில் கண்ணுக்குப் படாது, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மண்ணைச் சமன் செய்யாமல் கட்டிகளாகவே வெயிலில் விடுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் புரட்டுங்கள். பொறுக்காமல் விட்ட கிழங்குகளில் மேலே கிடப்பவை காய்ந்து செத்துப்போகும். கோரைக் கிழங்கு குளிர்ச்சியான மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், முழுதும் உலர்ந்தால் தாங்காது. நடுவில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் இந்தப் படி வீண்தான். அறுந்த ஒவ்வொன்றும் முளைக்கும். அப்படி நடந்தால் வருந்தாமல் நேராக நான்காம் படிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் படி, எழுப்புதல். மண்ணைச் சமன் செய்து 15 செ.மீ. ஆழம் நனையும்படி நீர் விடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் மிஞ்சிய கிழங்குகள் எழும். பாத்தி பச்சைப் பசேலென்று ஆகும்போது வயிறு கலங்கும். எழாமல் உள்ளே கிடப்பதைவிட இது நல்லது.

நான்காம் படி, பட்டினி. மூன்று நான்கு இலை நிலையில் எடுத்துவிட வேண்டும். ஐந்தாறு இலையைத் தாண்ட விடக் கூடாது. வெப்ப காலத்தில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, குளிர்ந்த காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மண் ஈரமாக இருக்கும்போது கத்தியைப் பக்கத்தில் செருகி நெம்பி, புடைத்த அடித்தண்டோடு வெளியே எடுங்கள். இலையை மட்டும் மேலே அறுத்தால் அந்த அடித்தண்டிலிருந்து இரண்டு மூன்று நாளில் மறுபடி இலை வந்துவிடும். கீழே இருக்கும் கிழங்குக்குச் செலவே வைக்கவில்லை என்று பொருள். பரப்பு பெரிதாக இருந்தால் தீட்டிய சுரண்டியை மண்ணுக்குள் 2 முதல் 3 செ.மீ. இறக்கிச் சீவலாம்.

முதல் முளைக்குத்தான் கிழங்கு தன் கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவழிக்கிறது. மறுமுறை, அதற்கு அடுத்த முறை என்று முளை மெலியும். ஐந்தாறு சுற்று முடிந்ததும் இலை நூலாக, வெளிறி, தாமதமாக வருவதைப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில்தான் பலர் "முடிந்துவிட்டது" என்று நிறுத்துகிறார்கள். நாலு வாரம் விட்டால் அந்த நூல் இலையே புதுக் கிழங்கு கட்டிவிடும்.

ஐந்தாம் படி, நிழல். முளை மெலிந்ததும் அந்த இடத்தை வெறுமனே விடாமல் அடர்ந்து வளரும் பயிரை நடுங்கள். கோரை நிழலில் நோஞ்சானாகிவிடும். பயிர் மூடும் வரை பட்டினிச் சுற்றைத் தொடருங்கள். மூடிய பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓரங்களை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு வருடம் கழித்து அதே சதுர மீட்டரில் எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் வராது. முன்பு இருந்ததில் கால்பங்கு ஆகியிருந்தால் திட்டம் சரியாகப் போகிறது.

அருகு: எல்லைதான் எல்லாம்

பாத்திக்குள் ஊடுருவிய அருகை எடுக்க நல்ல காலம் மண் நன்றாக வறண்டிருக்கும்போது. ஃபோர்க்கால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குத் தூக்கி, வெண்ணிறத் தண்டுகளைக் கையால் உருவுங்கள். அறுபடாமல் உருவ வேண்டும். இழுக்கும்போது 'டக்' என்று அறுந்தால் மீதி எங்கே நிற்கிறது என்று தேடாமல் நகரக் கூடாது. தப்பியவை காய்ந்த மண்ணில் கிடந்தால் வெயில் பார்த்துக்கொள்ளும். ஈர மண்ணில் இதே வேலை பாதிதான் பலிக்கும்.

எடுத்த பிறகு எல்லை கட்டுங்கள். பாத்தியைச் சுற்றி 20 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குறுகிய பள்ளம் எடுத்து, தகடோ கனமான பிளாஸ்டிக் பட்டையோ இறக்கி, தரைக்கு மேல் 5 செ.மீ. நிற்கும்படி மண் அணையுங்கள். பட்டைகள் சேரும் இடத்தில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள்; அருகு தேடிப் பிடிக்கும் சந்து அதுதான். இவ்வளவு செய்தும் மேலே ஓடும் தண்டு பட்டையைத் தாண்டிக் குதிக்கும். அதனால் பட்டைக்கு வெளியே 20 செ.மீ. அகலத்துக்கு வெறும் மண்ணாக விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுரண்டியால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பட்டை போட வசதியில்லாவிட்டால், கூரான மண்வெட்டியால் செங்குத்தாக 15 செ.மீ. வெட்டிய திறந்த பள்ளத்தையே எல்லையாக வைக்கலாம். மாதம் ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மண் சரிந்து மூடினால் அது பள்ளமல்ல, பாலம்.

பூச்செடி, ரோஜா போன்றவற்றின் வேருக்குள் அருகு பின்னிவிட்டால் மேலிருந்து பிடுங்கிப் பயனில்லை. செடியைத் தோண்டி எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் அலசி, பழுப்பு வேருக்கு நடுவே கணுவோடு வெள்ளையாக ஓடும் தண்டுகளை ஒவ்வொன்றாக உருவி, புது இடத்தில் நடுவதுதான் வழி.

புளியாரையும் கானாவாழையும்

மஞ்சள் புளியாரையை வாரம் ஒருமுறை, காய் பிடிக்கும் முன் எடுங்கள். காய் நிமிர்ந்து நின்றுவிட்டால் முதலில் அதன்மேல் ஈரத் துணியை அழுத்திப் பிடித்து அப்படியே சுருட்டி எடுக்கலாம். விதை துணியில் ஒட்டிக்கொள்ளும். குமிழ் வகையை இழுக்கவே கூடாது. செடியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு, 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு தோண்டி எடுத்து, அந்த மண்ணைத் தோட்டத்துக்குத் திருப்பாமல் தனியாக வையுங்கள். அடர்ந்து பரவிவிட்ட இடத்தில் தோண்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, இலையை மட்டும் அடிக்கடி சீவியபடி மேலே உயரமான அடர் செடிகளை வைப்பதே புத்திசாலித்தனம்.

கானாவாழை ஈரமும் நிழலும் விரும்பி. அதனால் நிழல் உத்தி இங்கே எடுபடாது. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது அடித்தண்டோடு பிடுங்கி, துண்டுகளைப் பாத்தியிலேயே போட்டுவிடாமல் சிமென்ட் தரையில் பரப்பிச் சருகாகக் காயவையுங்கள். சொட்டுநீர்க் குழாய் கசியும் இடத்தில் இது கூட்டம் போட்டிருக்கும். கசிவைச் சரிசெய்தாலே பாதி குறையும்.

மூடாக்கு எங்கே பலிக்கும், எங்கே ஏமாற்றும்

விதையிலிருந்து வரும் களைக்கு மூடாக்குப்போல நல்ல மருந்து இல்லை. சருகு, மரச் சீவல், வைக்கோல் எதுவானாலும் 7 முதல் 10 செ.மீ. கனம் வேண்டும். 3 செ.மீ. போடுவது களைக்கு ஈரம் காத்துக் கொடுப்பதாகத்தான் முடியும். செடியின் தண்டைச் சுற்றி ஒரு கை இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். மக்கி அமுங்க அமுங்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை மேலே சேர்க்க வேண்டும்.

அடியில் அட்டை போட்டால் இன்னும் நல்லது. நாடாவையும் பின்னையும் நீக்கி, நன்றாக நனைத்து, ஓரங்கள் 15 முதல் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். அட்டை அருகைத் தாமதப்படுத்தும், ஆனால் அது ஓரம் தேடி வெளியே வரும். ஓரத்தில் வந்ததை அவ்வப்போது எடுத்தால் உள்ளே இருப்பது இளைக்கும். கோரையின் முளைநுனி ஊசிக் கூர்மை; மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வரும், நனைந்த அட்டை அதற்கு எம்மாத்திரம். மூடாக்கை மட்டும் நம்பிக் கோரைமேல் போட்டால், அடியில் ஈரமும் இளகிய மண்ணுமாகக் கிழங்கு கொழுக்கும். பட்டினிச் சுற்றோடு சேர்த்தால்தான் பயன்: இளகிய மூடாக்கிலிருந்து கோரையை உருவுவது எளிது.

களை வராமல் மண்மேல் விரிக்கும் களைத்துணி பற்றி ஒரு வார்த்தை. நெய்த கனமான துணி பாதைக்கு நல்லது. செடிப் பாத்திக்குப் போட்டால் சில வருடத்தில் அதன்மேல் மண்ணும் சருகும் சேர்ந்து, அதில் களை முளைத்து, வேர் துணிக்குள் பின்னி, துணியையும் எடுக்க முடியாமல் களையையும் எடுக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

வெயிலால் மண்ணைச் சுடுதல்

வருடத்தின் உச்ச வெயில் காலத்தில் ஒரு பாத்தியைக் காலியாக விட முடிந்தால் சோலரைசேஷன் செய்யலாம். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, கட்டிகள் இல்லாமல் உடைத்து, 30 செ.மீ. வரை நன்றாக நனையுங்கள். உலர்ந்த மண்ணில் வெப்பம் இறங்காது. 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி இழுத்து விரித்து, நான்கு ஓரங்களையும் 15 செ.மீ. பள்ளத்தில் புதையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். ஒரு கிழிசல் விழுந்தாலும் சூடு ஓடிவிடும், உடனே ஒட்டுங்கள்.

பலர் கறுப்புத் தாள்தான் அதிகம் சூடாகும் என்று நினைக்கிறார்கள். கறுப்புத் தாள் தானே சூடாகும். தெளிந்த தாள் மண்ணைச் சூடாக்கும். கோரை விஷயத்தில் தெளிந்த தாளுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: வெளிச்சம் பட்டதும் கோரை முளை இலையை விரிக்கத் தொடங்கிவிடும், விரிந்த இலையால் தாளைத் துளைப்பது கடினம், உள்ளேயே கருகும். ஒளி புகாத தாளின் அடியில் அது கூராகவே இருந்து துளைத்துவிடும்.

இதனால் மேல்மண்ணில் உள்ள விதைகளில் பெரும்பகுதியும், மேலாக ஓடும் அருகும் சாகும். ஆழத்தில் உள்ள கோரைக் கிழங்கு தப்பிக்கும். தாளை எடுத்த பிறகு ஆழக் கொத்திவிட்டால் கீழே தப்பிய விதைகள் மேலே வந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாற்றை மட்டும் துளையிட்டு நடுங்கள்.

காலம் அதிகம் ஒதுக்க முடியாதவர்கள் விதைக்கும் முன் களையை முளைக்கவைத்துக் கொல்லும் உத்தியைச் செய்யலாம். பாத்தியை விதைப்புக்குத் தயார் செய்து, நீர் விட்டு, விதைக்காமல் 10 முதல் 14 நாள் காத்திருந்து, முளைத்த களைக் குஞ்சுகளை வெயில் நாளில் மேலாக 2 செ.மீ. சீவிவிட்டு, அப்புறம் விதைப்பது. இரண்டு முறை செய்தால் விதைக் களையின் தொல்லை வெகுவாகக் குறையும்.

செடியால் மூடுதல்

வெற்று மண் களைக்கு அழைப்பு. நேரடி விதைப்பைவிட நான்கைந்து வார நாற்றை நடுவது, களைக்கு முன்னால் ஒரு மாதம் ஓடியதற்குச் சமம். கோரை, அருகு உள்ள இடத்தில் சர்க்கரைவள்ளி, பூசணி, படரும் காராமணி போன்றவை நன்றாக ஈடுகொடுக்கும். சர்க்கரைவள்ளியில் ஒரு சிக்கல்: கோரை முளை அதன் கிழங்கையே துளைத்துக்கொண்டு போவதுண்டு. எனவே முதலில் காராமணி, எண்ணிக்கை குறைந்த பிறகு சர்க்கரைவள்ளி என்ற வரிசை நல்லது. பாத்தி காலியாக இருக்கும் இடைக்காலத்தில் சணப்பையை சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிராம் வீதம் நெருக்கமாக விதைத்து, பூக்கத் தொடங்கும்போது வெட்டி அப்படியே பரப்புங்கள். உரமும் மூடாக்கும் ஒன்றாகக் கிடைக்கும்.

களைக்கொல்லி, வினிகர், உப்பு

வீட்டு வினிகரில் அசெட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். இளங்குஞ்சுகளின் இலை கருகும். கிழங்குக்கும் நிலத்தடித் தண்டுக்கும் ஒன்றும் ஆகாது. உப்பு களையைக் கொல்லுமோ இல்லையோ, மண்ணைக் கெடுக்கும். கொதிநீர், நடைபாதைக் கல் இடுக்குக்கு மட்டும்.

கிளைபோசேட் போன்ற ஊடுருவும் களைக்கொல்லி இலை வழியாக இறங்கி வேலை செய்வது. பச்சை இலை போதுமான அளவு இருந்து, செடி வாட்டமில்லாமல் சுறுசுறுப்பாக வளரும்போது மட்டுமே அது கீழே போகும். வாடிய செடியில், புழுதி படிந்த இலையில், கலங்கல் தண்ணீரில் கலந்து அடித்தால் பணம் வீண். தெளித்தவுடன் மழை வந்தாலும் அப்படியே. உறங்கும் கோரைக் கிழங்கை அது தொடாது. ஆகவே ஒருமுறை அடித்ததோடு முடியாது, மறுபடி எழும். கானாவாழைக்கு அதைத் தாங்கும் சக்தி அதிகம் என்பதால், தொடர்ந்து கிளைபோசேட் அடிக்கும் இடத்தில் மற்றவை போய்க் கானாவாழை மட்டும் செழிக்கும். பயன்படுத்துவதென்றால் உங்கள் பகுதியில் அதற்கு அனுமதி உண்டா, யார் தெளிக்கலாம் என்பதைப் பார்த்து, லேபிளில் உள்ள அளவை மீறாமல், காற்றில்லாத நேரத்தில், பயிரின் இலையில் ஒரு துளியும் படாமல் செய்ய வேண்டும். காய்கறி வரிசைக்கு நடுவே தெளிப்பான் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு கவனமாக இருந்தாலும் நல்ல யோசனை இல்லை.

பிடுங்கியதும், வெளியிலிருந்து வருவதும்

பிடுங்கிய கோரைக் கிழங்கையும் குமிழ்ப் புளியாரையையும் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். சாதாரண வீட்டுக் குழியின் சூடு அவற்றைக் கொல்லாது. சிமென்ட் தரையில் ஒரே அடுக்காகப் பரப்பி, மழை படாமல், நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈரம் தெரியாத அளவுக்குக் காயவைத்த பிறகு போடலாம். தண்ணீரில் ஊறவைத்து அழுகச் செய்வது அருகுக்கும் கானாவாழைக்கும் பலிக்கும். கோரைக் கிழங்கு தண்ணீரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். விதையோடு வந்த களையை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, பலமுறை புரட்டப்படும் பெரிய குவியலில் மட்டும் சேர்க்கலாம்.

வாங்கும் செம்மண், வண்டல், எரு எதையும் நேராகப் பாத்தியில் கொட்ட வேண்டாம். மூட்டைகளில் பல இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, ஒரு தட்டில் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, நனைத்து, வெயிலில் மூன்று வாரம் வையுங்கள். என்ன முளைக்கிறதோ அதுதான் உங்கள் தோட்டத்துக்கு வரப்போவது. கோரை எழுந்தால் அந்த மண்ணைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது 5 மி.மீ. சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பிரித்தெடுங்கள். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடியின் பை மண்ணை ஓரமாகக் கிள்ளிப் பார்த்து, கோரை முளையோ அருகுக் கணுவோ தெரிந்தால் நடும் முன் வேரை அலசுங்கள்.

தொட்டியில் கோரை புகுந்துவிட்டால் மேலே கிள்ளிக்கொண்டே இருப்பதில் பயன் குறைவு. தொட்டி சிறியது என்பதால் இங்கே மட்டும் முழு வெற்றி கிடைக்கும். செடியைச் சாய்த்து எடுத்து, வேரை அலசிக் கிழங்கு நீக்கி, புது மண்ணில் வைத்துவிடுங்கள். பழைய மண்ணை நனைத்துக் கறுப்புப் பையில் கட்டி, அதற்கு மேல் தெளிந்த தாளால் கூடாரம் போட்டுக் கடும் வெயிலில் வைத்தால் உள்ளே நன்றாகச் சூடேறும். பையின் நடுவில் செருகிய வெப்பமானி 70 டிகிரியில் அரை மணி நேரமோ, 60 டிகிரியில் ஒரு மணி நேரமோ நின்றால் அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாம். பை 25 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் நடுப்பகுதி சூடேறாது; அப்படிப்பட்ட மண்ணை இரண்டு பையாகப் பிரித்துக் கட்டுங்கள்.